ஆர்க்கிட்டுக்குப் பட்டாபிஷேகம்

ஞாயிறு, இரவு.

தென்னைக்கும் மஞ்சளுக்கும் எரு போட்டே உலகப் புகழ் பெற்ற பரம்பரை எங்களுடையது. அந்தக் கையால்தான் இன்று ஓர் ஆர்க்கிட்டைக் கொல்லப் பார்த்தேன்.

அக்கா மகள் நித்யா பெங்களூர் போகும்போது, தொட்டி மாற்றிவிடச் சொல்லி என்னிடம் ஒப்படைத்த செடி. தொட்டிக்குள் வெறும் தேங்காய் மட்டைத் துண்டுகள்தான் இருந்தன. மண்ணே இல்லாமல் பட்டினி கிடந்திருக்கிறதே என்று நெஞ்சு வெடித்தது. செம்மண்ணும் மாட்டு எருவும் கலந்து நட்டு, பவானி ஆற்றையே திருப்பிவிட்டதுபோலத் தண்ணீர் ஊற்றினேன். பெருமையாக வீடியோ காலில் நித்யாவுக்குக் காட்டினேன்.

"ஐயோ மாமா! அது மரத்து மேல வளர்ற செடிங்க. வேருக்குக் காத்து வேணுமுங்க. மண்ணுல பொதைச்சுப் போட்டீங்களா?"

"பொதைக்கலை கண்ணு, பட்டாபிஷேகம் செஞ்சுபோட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய செடியாம்.

உடனே பிடுங்கி, வேரை அலசி, ஏற்கெனவே அழுகியிருந்ததை நறுக்கி, புது மட்டைத் துண்டும் கரியும் போட்டு நட்டேன். பச்சை நுனியோடு சில வேர்கள் தப்பியிருந்தன.

"பொழைச்சுக்கும். ஆனா ஒரு வாரத்துக்குத் தண்ணியே காட்டக் கூடாது. அத்தை, நீங்கதான் மாமாவைப் பாத்துக்கோணும்."

"சொம்போட அந்தப் பக்கம் போகட்டும், நான் பாத்துக்கறேன் அம்மணி," என்றாள் என் மனைவி கமலம்.

செடி சமையலறை ஜன்னலில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கோ நாக்கில் பாலைவனமே குடியேறியதுபோலத் தாகம். சொம்பும் கையுமாக அங்கே நின்றால், தாகம் எனக்குத்தான் என்று கமலம் நம்பவே மாட்டாள். பேசாமல் படுத்துக்கொள்கிறேன்.