எனக்கு மட்டும் இரண்டு கம்பி

மச்சான்,

இந்தக் கடிதத்தில் வரப்போவதை எவரும் நம்பமாட்டார்கள் என்று கீரிமலைக் கேணியில் மூன்று முறை முழுகி எழுந்து, ஈரம் காயாமல் நின்று சத்தியம் செய்கிறேன். நம்பாதவர்களை நான் கோவிக்கமாட்டேன். நான் வெயில் எறிக்கிறது என்று சொன்னால்கூட வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிற ஊர் இது.

இன்று காலை உன் மகள் விறாந்தையில் இருந்து நகத்துக்குச் சிவப்புக் கியூட்டெக்ஸ் பூசிக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் போட்ட தும்மலில் முற்றத்து வேம்பு பாதி இலையை உதிர்த்துவிட்டது. "என்ன மாமா, கண் கலங்குது?" என்றாள். "மணம் பிள்ளை, மணம்" என்றேன். உண்மையில் கண்ணுக்குள் வந்து நின்றது காங்கேசன்துறை வீதியில் இருந்த உன் கடை. உலகத்திலேயே கியூட்டெக்ஸ் மணத்த ஒரேயொரு றேடியோ திருத்தும் கடை அதுதான். அந்தப் போத்தல் என் தங்கச்சியின் கண்ணாடி மேசையிலிருந்து நீ களவெடுத்தது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

ஒரு காலத்தில் எங்கள் மீன்பிடிப் படகுகளில் கரையோடு கதைக்க இருந்த றேடியோ செட்டுகள் ஒவ்வொன்றாக மறதி பிடித்து உன் மேசைக்கு வந்தன. அவசரச் சனலின் எண்ணும் படகின் இலக்கமும் அழிந்து, அந்த இடத்தில் வாய்க்கு வந்த எண்கள் கிடக்கும். மீனவர் சங்கத்துக்காரர் செய்வினை என்றார்கள். நான் ஒரு படி மேலே போய், எந்தப் பேய், எந்த ஊர்ப் பேய் என்றெல்லாம் விளக்கினேன். நீ மட்டும் ஒரு கிழமை துறையில் வந்து குந்தியிருந்து, நாங்கள் கடலுக்கு வெளிக்கிடுவதையே பார்த்தாய்.

எங்கள் வழக்கம் அப்படி. படகில் ஏறியதும் முதலில் செட்டைப் போட்டுக் கரைக்கு "வெளிக்கிடுறம்" என்று சொல்ல வேண்டும். எஞ்சின் பிறகுதான். சொல்லாமல் எஞ்சினைத் தொட்டால் அன்றைக்கு வலையில் பாசிதான் வரும். எஞ்சினுக்கும் செட்டுக்கும் ஒரே பற்றரி. எஞ்சின் உதைத்துக் கிளம்புகிற நேரம் பற்றரி ஒரு கணம் ஒடுங்கும். கடைசியாகத் திருப்பிய சனலைச் செட் தன் நினைவுச் சிப்பில் எழுதிக்கொண்டிருப்பதும் அந்தக் கணத்தில்தான். பாதி எழுத்தில் மூச்சு நின்றால், எழுதினதோடு பக்கத்தில் கிடந்ததும் சேர்ந்து குழம்பும். எங்கள் பேய் அதுதான்.

சங்கக் கூட்டத்தில் நீ எழும்பி, "எஞ்சினை முதல் ஸ்ராட் பண்ணுங்கோ, பிறகு கதையுங்கோ" என்றாய். என் படகில் வருகிற சின்னராசா விடவில்லை. "செட்டுக்காக வழக்கத்தை விடேலாது அண்ணை" என்றான். சபை முழுக்க அவனுக்கு ஓம் போட்டது. நான் இரண்டு தரம் போட்டேன். வெளியே வந்து நீ என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாய்: "சனத்தை மாத்தேலாது மச்சான். செட்டை மாத்துவம்."

அதன் பிறகு நீ செய்ததைப் பார்க்கப் பிரமன் தன் தொழிலை ஒரு கிழமை ஒத்திவைத்துவிட்டு உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு செட்டையும் திறந்தாய். மாறவே கூடாத எண்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, இரண்டு பிரதி எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்த்தாய். அவற்றைக் கூட்டினால் வரும் தொகையையும் கீழே எழுதினாய். செட் விழிக்கும்போதெல்லாம் கூட்டிப் பார்க்கும். தொகை பிழை என்றால் மற்றப் பிரதியை எடுக்கும். கடைசியில் சிப்பின் ஒரு காலைத் தலைமயிர் பருமனில் ஒரு கம்பியால் எர்த்தோடு கட்டினாய். அந்தக் கம்பி இருக்கும்வரை அந்தப் பக்கத்தை வாசிக்கலாம், எழுத முடியாது. கம்பி அசையாமல் இருக்க மேலே ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ்.

நான் வந்து நின்றேன்.

"மச்சான், என்ரையைக் கட்டாதை. முதலாம் பட்டனிலை அவசரச் சனலை எடுத்துப்போட்டு, நாங்கள் ஊர்க்கதை கதைக்கிற சனலைப் போடவேணும்."

"ஏன்?"

"இப்ப நாலு தரம் திருகவேண்டிக் கிடக்கு."

"விரல் தேயுதோ?"

"தேயுது."

"தேயட்டும்."

மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் செட்டை வீட்டில் வைத்துத் திறந்து, சிவப்புச் சொட்டைச் சுரண்டி, கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். இனிச் சனல் எண்ணை மாற்றலாம் என்று பார்த்தால், எத்தனை தரம் மாற்றினாலும் பழைய எண்ணே வந்து நின்றது. செட்டையே பழுதாக்கிவிட்டான் பாவி என்று உன்னைத் திட்டினேன்.

அந்த மாதமே ஒரு பட்டப்பகலில் டீசலில் தண்ணீர் கலந்து எங்கள் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. சோளகக் காற்று படகை வடக்கே தள்ளிக்கொண்டு போனது. அலை ஒவ்வொன்றும் பனை உயரம். சிலதில் நுங்கும் இருந்தது. ஒரு சுறா எங்களைச் சுற்றி வந்து, யார் கொழுத்தவன் என்று நிதானமாக ஆராய்ந்தது. எஞ்சினை உதைத்தோம், உதைத்தோம். ஒவ்வொரு உதைக்கும் செட் செத்துச் செத்து எழும்பியது.

"அண்ணை, பற்றரி முடியுது. இனி ஒருக்காத்தான் கதைக்கேலும். பாத்துச் செய்யுங்கோ" என்றான் சின்னராசா.

முதலாம் பட்டனில் விரலை வைத்தேன். நானே கம்பியைப் பிடுங்கின செட். எந்தக் குப்பை வரப்போகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டு அமத்தினேன். அவசரச் சனல், அச்சொட்டாக வந்தது. சிங்கம்போல் கர்ச்சித்தேன். மறுபக்கத்தில், உன் கடையில் எந்நேரமும் திறந்து கிடக்கும் செட்டிலிருந்து, உன் குரல்: "கேக்குது. இடத்தைச் சொல்லு."

பின்னேரம் இன்னொரு படகு எங்களைக் கட்டி இழுத்துவந்தது. நீ துறையில் நின்றாய்.

"மேலை கிடந்த கம்பியைப் பிடுங்கினனீயோ?"

"ஓம்."

"அது சும்மா ஒட்டினது. மெய்க்கம்பி சிப்புக்குக் கீழை கிடக்கு."

"எல்லாச் செட்டிலையும் ரெண்டோ?"

"மற்றவைக்கு ஒண்டு காணும். உனக்குத்தான் ரெண்டு."

பிறகு ஒரு நாள் நீ எங்களை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டாய். எங்கள் வழக்கத்தை நாங்கள் இன்னும் விடவில்லை. செட்டுகளும் எதையும் மறக்கவில்லை. என்னில் ஒன்று மாறியது. கரையில் எங்கே நின்றாலும் புளுகுகிறேன், செட்டைக் கையில் எடுத்தால் மட்டும் புளுகுவதில்லை. நிற்கிற இடம், ஆட்கள் எத்தனை பேர், எஞ்சினுக்கு என்ன. உள்ளது உள்ளபடி. கேட்கிறவர்கள் இது நான்தானோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

நம்பாதவர்கள் இதில் வேண்டியதைக் கழிக்கட்டும். அலையை முழங்காலுக்கு இறக்கட்டும். சுறாவைப் போகவிடட்டும். எதைக் கழித்தாலும், ஒரு சின்னத் துண்டு மட்டும் மெய் மச்சான். அன்று பட்டனை அமத்தியதும் எனக்கு இடமும் வரவில்லை, இலக்கமும் வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் அழுது முடியும்வரை நீ பொறுத்திருந்து, திரும்பவும் இடத்தைக் கேட்டாய். என் தங்கச்சிக்குக்கூட அதைச் சொல்லவில்லை.