மாமா கொடுத்த பாதி மாத்திரை

தம்பி,

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அதனால் இதை எழுதி மாமா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நிற்கட்டும்.

சவரம் செய்துகொள்ள வந்தவரின் கழுத்தில் கத்தியை வைத்தபடி, நின்ற நிலையில் தூங்கி விழுந்தாயாமே! அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டதால் கீறலோடு போயிற்று.

"தூக்கம் வரல மாமா" என்று நீ சொன்னதும், டாக்டர் வேஷம் கட்டிய என் வீட்டுக்காரர் தன்னுடைய தூக்க மாத்திரையை மிட்டாய் மாதிரி தினமும் உடைத்துக் கொடுத்திருக்கிறார். கேட்டால், "பாதிதானேடி குடுத்தேன்" என்கிறார்! நீயோ மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவதை எங்களிடம் மூச்சுவிடவில்லை. மாமா கொடுத்ததை, உனக்கு அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் சொல்லவில்லை. முடி வெட்ட வருகிறவர்களின் வீட்டுக் கதையெல்லாம் உனக்குத் தெரியும். உன் கதையை நான் மருந்துக்கடையில் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

"ரெண்டும் சேர்ந்தா ஆளையே சாய்ச்சிடும்மா. அதுக்காக நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார் கடைக்காரர்.

கடையைப் பூட்டு. எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மாமாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் வாசலில் நிற்பேன். டாக்டர் அறைக்குள்ளும் வருவேன், முறைக்காதே.

நீ மறுபடி கத்தி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லும் அன்று, முதல் ஆளாக மாமாதான் உட்காருவாராம். "உங்க தலையில வெட்ட என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கழுத்து இருக்குல்ல" என்கிறார்.

அக்கா