ரிவ்யூ பார்க்கிற சாருக்கு ஓர் எளநீ

அக்கா, இன்று காலையில் நம் ஆப்பின் புது வெர்ஷனை ஆப் ஸ்டோருக்கு அனுப்ப உட்கார்ந்தேன். பரிசோதிப்பவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுதச் சொல்லி ஒரு பெட்டி வருமே, அதில் எப்போதோ எழுதியது அழியாமல் அப்படியே நிற்கும். நீங்கள் எழுதியது நின்றது. "சார், வணக்கமுங்க. சாப்ட்டீங்களா? முதலிபாளையம் பக்கம் வந்தா இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க, எளநீ வெட்டித் தாரோம்." வாய்விட்டுச் சிரித்தேன்.

பதினெட்டு வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர் நீங்கள். சரக்கின் தரம் பார்க்க க்யூசி வந்தால் ஃபேனுக்கு அடியில் சேர் போட்டு, எளநீ கொடுத்து, சோறும் போட்ட பிறகுதான் பெட்டியைப் பிரிக்கவே விடுவீர்கள். "பசியோட பாக்கறவனுக்கு எல்லாப் பீஸும் டேமேஜாத்தான் தெரியும், அம்மிணி" என்பீர்கள். ஸ்டோரில் ஆப்பைப் பார்த்து ஓகே சொல்பவரும் ஒரு க்யூசி மாதிரித்தான் என்று உங்களுக்கு விளக்கினேன் பாருங்கள், அது என் தப்பு.

டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார் என்று போனிலேயே பதிந்தால் சனிக்கிழமைக் கூலியைப் போட்டுத் தரும் ஆப் நம்முடையது. எழுதியது நான், விற்றது நீங்கள். நான் கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தேன், நீங்கள் பி.எஃப். பணத்தை மொத்தமாக இறக்கினீர்கள். மாதச் சந்தாவைத் தங்கள் வழியாகத்தான் வாங்க வேண்டும், அதில் ஒரு பங்கு தங்களுக்கு என்பது ஸ்டோர்காரர்களின் சட்டம். வெளியே கட்டலாம் என்று ஆப்புக்குள் மூச்சு விடக்கூடாது. நம் தையல் யூனிட்காரர்களுக்கோ போனில் கார்டைப் போடுவதென்றாலே பயம், பணம் சட்டைப் பையில்தான் இருக்கும். உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்தே பழகிய ஊர்தான் இது, ஆனால் ஏஜெண்டு ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறான், இவர்கள் யாரைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள்.

தீபாவளி வாழ்த்துப் போடுவதற்கென்று ஆப்பின் முகப்பு அறிவிப்பை மாற்ற உங்களுக்கு வழி செய்து கொடுத்திருந்தேன். ஒரு புதன்கிழமை அதில் வாழ்த்துக்குப் பதில் நீங்களே நின்றீர்கள். கவுன்சிலர் எலெக்ஷனுக்கு நிற்பவர்போல் கும்பிட்டபடி ஒரு போட்டோ, கீழே "சந்தாவைச் சனிக்கிழமை என் கையில் கொடுக்கவும்". மறுநாளே ஸ்டோரிலிருந்து மெயில் வந்துவிட்டது. சட்டத்தை மீறிவிட்டீர்கள், இரண்டு நாளில் சரிசெய்யாவிட்டால் ஆப்பை எடுத்துவிடுவோம் என்று. உங்கள் பி.எஃப்., என் வேலை, இரண்டும் அந்த மெயிலில் தொங்கின.

போட்டோவை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். நான் டீ வாங்கப் போன நேரத்தில் நீங்கள்தான் அந்தப் பெட்டியில் எளநீயை எழுதி, அனுப்பும் பட்டனையும் அமுக்கிவிட்டீர்கள். "அக்கா, இது லஞ்சமுன்னு நெனச்சுட்டா?" என்று கத்தினேன். எளநீக்கு எவனாவது லஞ்சக் கேஸ் போடுவானா என்று நீங்கள் டீயைக் குடித்தீர்கள். அடுத்த நாள் ஓகே வந்தது. க்யூசிக்குத் தாகம்தான் என்று கடைசிவரை நம்பினீர்கள்.

"ஆப்புலதான பேசக்கூடாது? என் வாய்க்குமா சட்டம் போட்டிருக்கறாங்க?" என்றீர்கள். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலம்பாளையம், பல்லடம் என்று நேரிலேயே போய் வாங்கி வந்தீர்கள். ஆப்பில் எழுத முடியாத அந்த ஒரு வரியாக நீங்களே போய் நின்றீர்கள்.

போன மார்கழியில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. முதல் சனிக்கிழமை நான் வீட்டைவிட்டு நகரவில்லை. மனுசரோடு பேசத் தெரியாதவள் என்று என்னைக் கேலி செய்வீர்களே, உண்மைதான். அடுத்த வாரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலம்பாளையம் போனேன். யூனிட் ஓனர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, "அக்கா வரலீங்களா?" என்று கேட்டுவிட்டு, சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, சாப்பிட்டீர்களா என்று நான்தான் கேட்டேன்.

இப்போது அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள், அக்கா. வெளியே கட்டலாம் என்று ஆப்பிலேயே எழுதிக்கொள்ளலாமாம். வெளியே கட்டுவது உங்கள் பொறுப்பு என்று ஓர் எச்சரிக்கையும் போட வேண்டுமாம், அதைப் படித்திருந்தால் நீங்கள் சண்டைக்கே போயிருப்பீர்கள். அந்தக் கும்பிடு போட்டோவைக்கூடத் திரும்பப் போடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கையில் வாங்கத்தான் நீங்கள் இல்லை.

பெட்டியில் இருந்ததை அழிக்க மனசு வரவில்லை. உங்கள் நம்பரை மட்டும் எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த சார் நிஜமாகவே வந்து நின்றால், எளநீ வெட்ட நான்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.