மூணு ரோட்டில் மூன்று கொடிமேடை

செவ்வாய், ஆவணி 2

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. தைக்க வேண்டிய ஜாக்கெட் நான்கு. வெட்டியது இரண்டு.

பஸ் டிப்போவிலிருந்து அதிகாரி வந்து மூணு ரோட்டைப் பார்த்தார். ஊருக்குள் பஸ் விடத் தயாராம். ஆனால் முனையில் இருக்கும் மூன்று கொடிமேடையும் போனால்தான் வண்டி திரும்பும். ஒன்று ஆளுங்கட்சி (ஆ.க.), ஒன்று எதிர்க்கட்சி (எ.க.). மூன்றாவது டீக்கடை ரஹீம் பாயுடைய கட்சி. ஊரில் அந்தக் கட்சிக்கு அவர் ஒருவர்தான். தலைவரும் அவரே, கோஷம் போடுவதும் அவரே.

வார்டு மெம்பருக்கு நின்றபோது பஸ் கொண்டுவருவேன் என்று வீடு வீடாகச் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர், தீபாவளிக்குத்தான் வருவார். "ஏம்புள்ள, காயத்ரி காலேஜ் முடிஞ்சு மெயின் ரோட்டுல இருந்து இருட்டுல தனியா நடந்து வாராளாமா? எனக்கு இங்க தூக்கம் புடிக்கல. இந்த செமஸ்டரோட நிறுத்திப்போடலாம்."

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. மகள் பக்கத்திலேயே இருந்தாள். தோசையைத் தொடவில்லை.

புதன், ஆவணி 3

டீக்கடையில் பஞ்சாயத்து. எடுத்த எடுப்பிலேயே சொதப்பல். எ.க. கிளைச் செயலாளர் குப்புசாமி அண்ணனிடம், "உங்க மேடைதானுங்க பெருசு, நீங்களே முதல்ல எடுத்துருங்க" என்றேன். முகம் சுண்டிப்போனது.

"ஏனுங் மெம்பரு, நாங்க கம்பத்தப் புடுங்குனா அவிய பட்டாசு வெடிப்பாங்க. அப்பறம் ஊருக்குள்ள தல காட்ட முடியுமுங்களா? அவிய எடுக்கட்டும், அடுத்த நிமிசம் நாங்க எடுத்தர்றோம்."

ஆ.க. தங்கவேல் அண்ணனிடமும் அதே வசனம். "ஆட்சியில இருக்கறவிய நாங்க. நாங்களே முதல்ல எடுத்தா மேலிடத்துல கேப்பாங்கல்லங்?"

பாய் மட்டும், "என்னைய யாருமே கேக்கல பாரு தங்கச்சி" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி, ஆவணி 5

பழைய சேலைக்கு ஃபால்ஸ். நூல் தீர்ந்துவிட்டது.

குழாயடியில் சண்டை. "என்ற கொடந்தான் முதல்ல வெச்சுது!" "யாரு சொன்னா? என்றதுதான்!" குடத்தோடு நின்ற எனக்குச் சட்டென்று உறைத்தது. இங்கே முதலில் நிற்க அடிதடி. அங்கே முதலில் எடுக்க ஆளில்லை. ஏன்? இங்கே முந்தினால் தண்ணீர். அங்கே முந்தினால் மானக்கேடு. அதை மாற்றினால்?

பாய் கடைக்குப் பக்கத்துக் காலி இடம் நாச்சிமுத்து ஐயாவுடையது. போய்க் கேட்டேன். "மூணு கம்பந்தானே, நட்டுக்கட்டும் சாமி" என்றார். நல்ல மனுஷன்.

சனி, ஆவணி 6

வெயில். மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்குப் புது இடத்தில் ரோட்டை ஒட்டின முதல் இடம். பஸ்ஸில் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தக் கொடிதான்.

குப்புசாமி அண்ணன்: "கூட்டம் போட்டுச் சொல்றோமுங்."
தங்கவேல் அண்ணன்: "ஒன்றியத்துல ஒரு வார்த்த கேக்கோணும்."
பாய்: "அப்ப ரோட்டோர இடம் எனக்கா?"
"முதல்ல எடுத்தா உங்களுக்குத்தானுங் பாய்."

அடுப்பைத் தணித்தார். தோளில் துண்டு, கையில் கடப்பாறை. "பொதுக்குழு கூடியாச்சு, தீர்மானம் போட்டாச்சு!"

மத்தியானத்துக்குள் பாய் கொடி ரோட்டோரம் பறக்கிறது. ஊரே வேடிக்கை. அதற்குமேல் இரண்டு அண்ணன்களுக்கும் இருப்புக் கொள்ளுமா? ஒருவர் ஆளைத் திரட்ட, இன்னொருவர் டிராக்டரைக் கொண்டுவர, இரண்டாவது இடத்துக்கு ஓட்டம். பொழுது சாய்வதற்குள் முனை வெறிச்சோடிவிட்டது. எ.க.வுக்கு இரண்டாவது இடம், ஆ.க.வுக்கு மூன்றாவது. யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

காயத்ரி இரண்டு தோசை அதிகம் கேட்டாள்.

திங்கள், ஆவணி 8

வெள்ளோட்டம். டிரைவர் ஒரு தடவை பின்னால் எடுத்து, ஒடித்துத் திருப்பிவிட்டார். விசில். தேங்காய் உடைத்தது தங்கவேல் அண்ணன், மாலை போட்டது குப்புசாமி அண்ணன். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ பாய் கடையில். அடுத்த திங்கள் முதல் தினமும் பஸ்.

காயத்ரி அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பஸ் வந்து நிற்கட்டும், அப்புறம் சொல்வோம்.

திங்கள், ஆவணி 15

தூறல். ஹூக் கட்டுவது பாக்கி.

இருட்டுகிற நேரம் மூணு ரோட்டில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டேன். "என்னாச்சு புள்ள, எங்க நிக்கறே?" என்றார். பதில் சொல்லாமல் போனைத் தூக்கிப் பிடித்தேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து திரும்பியது. காயத்ரி இறங்கினாள். துப்பட்டாவில் ஒரு சொட்டு மழை இல்லை.

"கேட்டுச்சுங்களா?"



"கேட்டுது" என்றார். "புள்ளைக்கு அடுத்த செமஸ்டரு எப்ப ஆரம்பிக்குது?"