கையெழுத்துக்குக் காத்திருக்கும் பாலம்

என் வாயாடிக்கு,

உங்கள் ஊர் ஓடைப் பாலத்துக்கு நான்தான் முட்டுக்கட்டை என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது என் காதுக்கும் வந்தது. சொல்லட்டும்.

அரசாங்கம் விதியைத் தளர்த்தியது உண்மைதான். சின்னப் பாலங்களுக்கு இனி மண் பரிசோதனை கட்டாயமில்லை, தலைமை அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டாம். பொறியாளரான என் கையெழுத்தே போதும். இத்தனை வருஷம் "ஃபைல் மேல இருக்கு" என்று சொல்லித் தப்பித்தேன். இப்போது கை காட்ட மேலே யாருமில்லை.

ஆனாலும் போன வாரம் ஓடைக்கு வந்து, துளை போட்டு மண்ணைப் பார்த்தேன். "அதான் வேணாம்னுட்டாங்களே சார், எதுக்கு வீண் வேலை?" என்று ஒப்பந்தக்காரர் சலித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் என் பொண்ணு இருக்காய்யா" என்றேன்.

பாறை இருக்கும் என்று நினைத்த இடத்தில் வெறும் களிமண். அஸ்திவாரத்தை இன்னும் ஆழமாக்கி, வரைபடத்தையே மாற்ற வேண்டும். மழைக்கு முன் பாலம் வராது.

அங்கிருந்து உன் வீட்டு மாடி தெரிந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வேலை இருந்ததால் திரும்பிவிட்டேன்.

உன் அம்மா முன்னறையைக் கழுவி, கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. பிரசவ ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, திட்டுவதை நேரிலேயே திட்டட்டும். ஓடை இப்போது காய்ந்துதான் கிடக்கிறது, ஜீப்பே இறங்கி ஏறும். நீ கோபித்துக்கொண்டு போனபோது மட்டும் பாலமா இருந்தது?

அப்பா