வரமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை

இஞ்சாருங்கோ,

உங்களை நான் வேறை எப்பிடிக் கூப்பிடுறது? பேர் சொல்லிக் கூப்பிடுற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அன்பெண்டாலும் இஞ்சாருங்கோ, கோவமெண்டாலும் இஞ்சாருங்கோதான். இண்டைக்கு ரெண்டும் இருக்கு. கோவம் கொஞ்சம் கூட. உங்களுக்கு இன்னொரு பேர் இருந்ததெண்டு உங்கடை செத்தவீட்டிலைதானே எனக்குத் தெரியவந்தது.

பெட்டியைச் சுத்தி எங்கடை சனம் நிக்குது. தேவாரம் படிச்சு முடியேல்லை, கதவைத் திறந்துகொண்டு ஒரு கூட்டம் உள்ளுக்கு வருகுது. நோர்வேக்காரருமில்லை, எங்கடை ஆக்களுமில்லை. முன்னுக்கு வந்த மனிசிக்கு என்னிலும் வயசு கூட. உங்கடை நெத்தியைத் தடவித் தடவி "பாப்லோ, பாப்லோ" எண்டு குழறி அழுதா. ஆர் இந்தப் பாப்லோ? மண்டபம் மாறி வந்திட்டினமாக்கும் எண்டு பாத்தால், தடவுறது என்ரை மனிசன்ரை நெத்தியை! அந்த நேரம் நான் நினைச்சதை இஞ்சை எழுதேலாது.

எங்கடை மகள் துளசிதான் அவையளோடை மரியாதையாக் கதைச்சு, எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்கு வீட்டை வரச்சொன்னவள். நானும் உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் பாத்துப் பாத்துச் சமைச்சுப் படைச்சு வைச்சிருக்கிறன். கணவாய்க் கறி, றால் பொரியல், முருங்கையிலை வறை. அந்த மனிசி, பேர் மார்த்தா, ஒரு தட்டு நிறையப் பற்றீஸ் மாதிரி ஒண்டைக் கொண்டுவந்து உங்கடை படத்துக்கு முன்னாலை வைச்சா. உள்ளுக்கு என்ன எண்டு கேட்டன். "மாட்டிறைச்சி. பாப்லோவுக்கு உயிரெல்லோ" எண்டா. என்ரை பெரியம்மா கேக்கக்கூடாததைக் கேட்டவ மாதிரிக் காதைப் பொத்தினவ. பள்ளிக்கூடச் சுற்றுலாவிலை பேர்கர் சாப்பிட்டதுக்குத் துளசியை நீங்கள் ஏசின ஏச்சு என்ன ஏச்சு! வெக்கமா இல்லையோ உங்களுக்கு?

சரி, மாடு போகட்டும். சனிக்கிழமை ஓவர்டைம் எண்டு போனீங்களே, அதெல்லாம் மார்த்தா வீட்டிலையாம். அவவும் புருசன் ரமோனும் சிலி நாட்டாலை அகதியா வந்தவை. வந்த புதுசிலை பஸ் கழுவுற வேலையிலை உங்களோடை நிண்டவை. நீங்கள் நோர்வேஜியன் கதைச்சால் மேலாள் சிரிப்பானாம், அதாலை அவையள் உங்களுக்கு ஸ்பானிஷ் பழக்கினவையாம், அவனைப்பற்றி அவனுக்கு முன்னாலையே பகிடி விட. பாப்லோ எண்டு பேர் வைச்சதும் அவையள்தானாம். பழகி, கூட்டாளியாகி, பேந்து சனிக்கிழமையள். சமையல், கித்தார், பாட்டு. நீங்கள் பாடுவீங்களாம். நல்லாப் பாடுவீங்களாம்! என்னோடை இவ்வளவு காலம் குடும்பம் நடத்தின மனிசன், குளியலறையிலைகூட ஒருக்கால் முணுமுணுத்ததில்லை.

இதுவரைக்கும் நான் பொறுத்தனான். அதுக்குப் பிறகுதான் மார்த்தா என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, துளசி தமிழிலை சொல்லச் சொல்லக் கேட்டா: "சறோ, இண்டைக்காவது எங்களுக்குக் கதவைத் திறந்தியே. நாங்கள் உனக்கு என்ன பிழை செய்தனாங்கள்? ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் கூப்பிட்டனாங்கள். மனிசிக்கு ஆக்களோடை பழக விருப்பமில்லை, வரமாட்டன் எண்டிட்டா எண்டு பாப்லோ சொல்லுவான்."

நான் வரமாட்டன் எண்டனானோ? எப்ப? எந்த வாயாலை?

கீழ்மாடியிலை இருந்த மன்னார் ஜெசிந்தாவை நினைவிருக்கோ? அம்மருட் பக்கம் இந்த மாடிவீட்டுக்கு நாங்கள் குடிவந்த கையோடை, "வாங்கோ அக்கா, ரெண்டு பேரும் நோர்வேஜியன் வகுப்புக்குப் போவம்" எண்டு வாசல்லை வந்து நிண்ட பிள்ளை. நீங்கள்தானே சொன்னனீங்கள், உவையளோடை பழகினால் வீட்டுக்கதை ஊரெல்லாம் போகுமெண்டு. எங்களுக்கு ஆர் வேணும், நீயும் நானும் காணும் எண்டு. எனக்கு அது எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமோ? என்ரை மனிசனுக்கு நான் ஒருத்தி காணும்! அந்தப் பிள்ளை பேந்தும் வந்து மணியடிக்க, நான் கதவைத் திறக்காமல் குசினிக்குள்ளை மூச்சுக் காட்டாமல் நிண்டனான். வகுப்புக்கும் போகேல்லை. டொக்டரிட்டைப் போனாலும் கடைக்குப் போனாலும் நீங்கள்தான் கதைச்சீங்கள். இப்ப நீங்கள் இல்லை. டொக்டரிட்டை எனக்கு எங்கை நோகுது எண்டு சொல்ல, பேர்கனிலை வேலையிலை நிக்கிற துளசிக்குப் போன் எடுக்கவேண்டிக் கிடக்கு.

"விடுங்கோ அம்மா, அப்பா போயிட்டார், இனி என்ன" எண்டுறாள் அவள். அவளுக்கென்ன, அவளுக்குச் சிநேகிதர் இருக்கினம். நான் விடமாட்டன்.

எட்டுச்செலவு முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை டி-பானை எண்ட நிலக்கீழ் ரெயிலிலை ஏறி, மார்த்தா வீடு இருக்கிற ஸ்டோவ்னருக்குப் போனன். தனியப் போனன், கேட்டுக்கொள்ளுங்கோ. மார்த்தா கதவைத் திறந்து, என்னைக் கண்டு வாய் பிளந்து நிண்டா. எனக்கு ஸ்பானிஷ் பழக்கு எண்டு என்ரை உடைஞ்ச நோர்வேஜியனிலை கேட்டன். வணக்கம், சுகமோ எண்டு தொடங்கினா. எனக்கு உந்த வணக்கமெல்லாம் பேந்து, முதல் ஒரு வசனம் வேணும், அதைச் சொல்லித்தா எண்டன். என்ன வசனம் எண்டு சொன்னதும் அவவின்ரை முகம் மாறிப்போச்சு. ஆனால் சொல்லித்தந்தா. நல்ல மனிசி.

ஒரு கிழமையா அதைப் பாடமாக்கினன். சோறு வடிக்கேக்கையும் அதுதான், உடுப்பு மடிக்கேக்கையும் அதுதான். அடுத்த சனி எல்லாரும் வந்து மேசையிலை இருந்தினம். ரமோன் கித்தாரை எடுத்தார். நான் எழும்பி நிண்டன். உங்கடை கூட்டாளியள் எல்லாற்றை முகத்தையும் பாத்துச் சொன்னன்: "அ மி நாதியே மே பிரெகுந்தோ."

என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.

ரமோன் கித்தாரைக் கீழை வைச்சிட்டார். பேந்து மெல்லமா, எனக்கு விளங்கிற நோர்வேஜியனிலை சொன்னார், பிழை தங்களிலையுமாம், ஒருக்கால் என்ரை வாசலுக்கு வந்து கேட்டிருக்கவேணுமாம். என்ரை மனிசன் ஏன் இப்பிடிச் செய்தவர் எண்டு கேட்டன். "வீட்டிலை, ஊராக்களுக்கு முன்னாலை, எப்பவும் நாலு பேர் பாக்கிற மனிசனா இருக்கவேணும், இஞ்சை என்னை ஆரும் பாக்கேல்லை எண்டுவான்" எண்டார். அந்த நாலு பேரிலை நானும் ஒருத்தியோ? நான் உங்களைப் பாக்கிறது உங்களுக்கு அவ்வளவு பாரமா இருந்ததோ? நான் வந்து ஒரு மூலையிலை இருந்து கேட்டிருந்தால் உங்கடை பாட்டுக் குறைஞ்சு போயிருக்குமோ?

பாப்லோவைப்பற்றிக் கதைப்பமோ எண்டு மார்த்தா கேட்டா. வேண்டாம், இண்டைக்கு என்னைப்பற்றிக் கேளுங்கோ எண்டன். கேட்டினம். எனக்கு என்ன விருப்பம், எதுக்குச் சிரிப்பு வரும், சின்னனிலை என்னவா வர நினைச்சனீ எண்டு. தெரிஞ்ச நாலு சொல்லையும் கையையும் காலையும் வைச்சுச் சொன்னன். சைக்கிள் ஓட்டப் போட்டியிலை வெண்டனான் எண்டு நான் மேசைக்குப் பக்கத்திலை மிதிச்சுக் காட்ட, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நானும் சிரிச்சன். உங்களுக்கு அந்தக் கதை தெரியாது. நீங்களும் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்ப ஒவ்வொரு சனியும் போறன், உங்கடை பாட்டுகளை மட்டும் இப்போதைக்குப் பாடவேண்டாம் எண்டிருக்கிறன். போன கிழமை மார்த்தாவோடை டொக்டரிட்டைப் போனன். ஆனால் கதைச்சது நான்.

ஒண்டு மட்டும் சத்தியம் பண்ணித் தாறன். நீங்கள் என்னைப்பற்றிச் சொன்னதுபோலை, நான் உங்களைப்பற்றி ஒரு பொய்யும் சொல்லமாட்டன். தமிழிலையும் இல்லை, ஸ்பானிஷிலையும் இல்லை. ஆரும் கேட்டால், நல்ல மனிசன், நல்ல தேப்பன், எனக்குத் துரோகம் செய்தவர் எண்டு மூண்டையும் சொல்லுவன். வருசம் முடிய வாற ஆட்டைத்திவசத்துக்கு அவையளை வீட்டை கூப்பிட்டிருக்கிறன். நீங்கள் பாடின பாட்டெல்லாம் உங்கடை படத்துக்கு முன்னாலை பாடுவினம். அண்டைக்குத்தான் நான் முதல்முதலாக் கேக்கப்போறன்.

அழமாட்டன் எண்டு மட்டும் சொல்லேலாது, அதுவும் பொய்யாப்போகும்.

இப்பிடிக்கு,
ஒருக்கால் கூப்பிட்டிருந்தால் செருப்பையும் மறந்து உங்களுக்குப் பின்னாலை ஓடிவந்திருக்கக்கூடிய
உங்கடை மனிசி
சறோ