கேஸா விறகா என்று கேட்டாயே

விஷ்ராந்த்வாடி, புனே
20 ஏப்ரல் 2025

அன்புள்ள கேஷவுக்கு அம்மா எழுதுவது. பெருமாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், கால்கரியில் நீயும் ப்ரியம்வதாவும் கீர்த்திக்குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, பனி விட்டதா. தினம் போனில்தான் முகம் பார்க்கிறோமே, இந்தக் காலத்தில் அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. நீ தமிழ் படித்து நாளாகிவிட்டது என்று எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன், எழுத்துக்கூட்டியாவது நீயே படி, போனைக் காட்டி இங்கிலீஷில் மாற்றிப் படிக்காதே. அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நன்றாக முடிந்தது, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் படித்து எனக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாமா அத்தை கோர்படி வீட்டிலேயே இருக்கிறாள், முட்டிவலி, எங்களோடு வந்து இரு என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய் அல்லவா, கோடையில் டென்ட் போடப் போகும்போது கையோடு எடுத்துப்போக ஒரு பிட்சா அடுப்பு வாங்கப் போகிறேன், கேஸில் எரிவது ஒன்று, மரக்கட்டையில் எரிவது ஒன்று, எதை வாங்கலாம் என்று. அதோடு சிரித்துக்கொண்டே, "நீயே சொல்லும்மா, அப்பாகிட்ட கேக்காத, அவருக்கும் நெருப்புக்கும் ஆகாது" என்றாய். அப்பா பக்கத்து அறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டு பால்கனிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று மறுநாள் ஷபானாவுக்குப் போன் செய்தேன். கோர்படியில் நம் பக்கத்து வீட்டில் இருந்தாளே, உன் சைக்கிளைச் சாக்கடையில் விட்டவள், அவள் இப்போது வாகட்டில் இருக்கிறாள், சனி ஞாயிறுகளில் பவனா ஏரிக்கரையில் டென்ட் போட்டு ஆட்களைத் தங்கவைக்கிறாள், அவளிடம் நீ சொன்ன இரண்டு அடுப்புமே இருக்கின்றன. அப்பாவையும் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மொட்டைமாடியில் இரண்டையும் பற்றவைத்துக் காட்டினாள். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் கட்டைகளைப் போட்டு எரிக்கிற அடுப்பில் வாசனை பிரமாதம், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், காற்றடித்தால் தீ வாய்ப்பக்கம் நீண்டுகொண்டு வெளியே வருகிறது. கேஸ் அடுப்பு திருகினால் பற்றிக்கொள்கிறது, கால்மணி நேரத்தில் உள்ளே இருக்கிற கல் சூடாகிவிட்டது, பிட்சா இரண்டே நிமிஷத்தில் வெந்தது, நடுவில் திருப்பி வைக்காவிட்டால் ஒரு பக்கம் கருகிவிடும். "ஆன்ட்டி, ருசி கட்டைலதான். ஆனா குழந்தைங்க சுத்தி ஓடற இடத்துல கேஸ்தான் நல்லது" என்றாள். கோடையில் உங்கள் பக்கம் காட்டுத்தீ பயத்தில் விறகு எரிக்க விடமாட்டார்கள் என்று நீயும் ஒருமுறை சொன்னாய். அப்பா முதலில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே நின்றார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்து, ரப்பர் குழாய் எவ்வளவு நீளம், கால் ஆடுகிறதா, வெளிப்பக்கம் எவ்வளவு சுடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முடிந்ததும் ஷபானா சிலிண்டரைக் கழற்றக் கை வைத்தாள். அப்பா சட்டென்று, "ஆறட்டும்மா, ஆறினப்புறம் கழட்டு" என்றார். கேஷவ், அதே வார்த்தையை இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் என்னிடம் சொன்னார்.

பழசெல்லாம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ. ஜூனா பஜாரில் வாங்கிய பச்சை ராணுவ டென்ட்டை பஜாஜ் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, நீ முன்னால் நின்றபடி, நான் மடியில் பாத்திர மூட்டையோடு பின்னால், இப்படி எத்தனை இடம் போயிருப்போம். பண்டார்தராவில் மரம் முழுக்க மின்மினி அப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, இதற்கு யார் கரன்ட் பில் கட்டுகிறார்கள் என்று கேட்டாய். அப்பாதான் உனக்குப் பிட்சா செய்வார். கோர்படி பேக்கரியில் பிட்சா ரொட்டி வாங்கிக்கொள்வோம், டின் சீஸ், தக்காளி சாஸ், குடைமிளகாய். பம்ப் ஸ்டவ் மேல் அலுமினியக் குண்டானை வைத்து, ஏரிக்கரை மணலைக் கழுவிக் காயவைத்து அதில் பரப்பி, மேலே தட்டை வைத்து மூடிவிடுவார். கடித்தால் எங்கேயாவது ஒரு மணல் பல்லில் நறநறக்கும், அதுதான் ஸ்பெஷல் மசாலா என்று உன்னை நம்பவைத்திருந்தார். அந்த நாட்களில் அவர் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. பவனாவில் அன்றைக்கு உனக்கு ஒன்பது வயது. முதல் பிட்சா வெந்ததும் ஸ்டவ்வில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகும்போது, "ஆறட்டும், ஆறினப்புறம் ஊத்திக்கலாம், நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மேகம் திரண்டு வந்தது, நீ பசிக்கிறது என்று நச்சரித்தாய், மழை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நான்தான் மூடியைத் திருகினேன். பம்ப் அடித்த காற்று உள்ளே அடைந்து கிடந்தது. அடியில் மிச்சமிருந்த மண்ணெண்ணெய் பீச்சியடித்து, பழுத்துக் கிடந்த பர்னரில் பட்டுக் குப்பென்று பற்றிக்கொண்டது. நீ மிளகாய்த் தட்டோடு பக்கத்தில் குந்தியிருந்தாய். உன் இடதுகையில் இருக்கிற தழும்பு நான் போட்டது. அப்பா போட்டதல்ல.

அவர் ஓடிவந்து ஈரத்துண்டால் உன்னைச் சுற்றித் தூக்கினார், ஒரு பால் டெம்போவை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலியில், மூடியை யார் திருகினது என்பதுகூட உனக்கு நினைவில் நிற்கவில்லை. பாமா அத்தை வந்து, யார் செய்த வேலை இது என்று கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நான்தான்க்கா, அவசரப்பட்டு ஊத்திட்டேன்" என்றார். அத்தைக்குப் பயந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். வராந்தாவில் தனியாக வந்ததும் சொன்னார், "ரெண்டு மாசம் தினமும் நீதான் அவனுக்குக் கட்டு மாத்தணும் விசாலம். உன் கையப் பாத்து அவன் பயப்படக் கூடாது. என்னப் பாத்து பயந்தா பரவால்ல, நான் வேலைக்குப் போயிடுவேன்." அப்படியேதான் நடந்தது. நீ என் மடியில் படுத்துக் கட்டு மாற்றிக்கொண்டாய், அவர் கிட்டே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். கட்டுப் பிரித்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். பிறகு பரீட்சை முடியட்டும் என்றேன், பிறகு காலேஜ், பிறகு கல்யாணம். நாளாக ஆக வாய் கனத்துப் போயிற்று. கனடா கிளம்பும் முன்னால் ஏதோ சண்டையில், "உங்க கேர்லெஸ்னால என் கை போச்சு" என்று அவரிடம் நீ கத்தினபோதுகூட நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. நீ என்னிடம் அன்போடு ஒட்டிக்கொண்டாய் என்கிற ஆசையில், அவருக்கு வர வேண்டியதையும் சேர்த்து நான் சாப்பிட்டுவிட்டேன்.

வாகட்டிலிருந்து வந்ததும், கேஷவுக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு அதெல்லாம், அவன் உங்கிட்டயாவது ஒட்டுதலா இருக்கான்ல" என்றார். உங்களிடமும் இருக்கட்டும் என்றேன். பிறகு எழுந்து போய் எனக்குப் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் கொண்டுவந்து வைத்தார். இதை எழுதும்போது எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார், படிக்கிற மாதிரி பேப்பரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வரிகூட எனக்குச் சத்தமாகச் சொல்லாமல்.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும், அது எனக்குச் சேர வேண்டியதுதான், எத்தனை நாளானாலும் காத்திருப்பேன். கேஸ் அடுப்பே வாங்கு, ஆனால் அதில் எது, காலை எப்படிப் பதிப்பது, கீர்த்தியை எவ்வளவு தள்ளி உட்காரவைப்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஷபானாவிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டு வந்தவர் அப்பாதான். குழந்தைக்கு என் முத்தம், ப்ரியம்வதாவுக்கு என் ஆசி, நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். குளிரில் தழும்பு இழுத்தால் தேங்காயெண்ணெய் தடவ மறக்காதே. கடிதம் வந்து சேர்ந்ததும் என் நம்பருக்கு வேண்டாம், அப்பா நம்பருக்குக் கூப்பிடு. அவருக்குச் சட்டென்று பேச வராது, நீ வைத்துவிடாதே.

என்றும் உன் அம்மா,
விசாலாக்ஷி பாலசுப்ரமணியன்